நாரிப் பட்டி வாங்கிக் கொடுத்தால் முடிந்ததா?

நாரி (இடுப்போடு சேர்ந்த கீழ்முதுகு) நோவென்று என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். திருகோணமலையில் முதியோர் இல்லமொன்றில் இரவு டியூட்டி. ஒரு ஐயாவைத் தனியே கட்டிலிலிருந்து தூக்கும்போது நாரி பிடித்துவிட்டது. நடந்து மூன்று கிழமை. "ஏன் பிள்ளை இவ்வளவு நாள் வரல்ல?" என்றேன். "சொன்னா வேற ஆளப் போட்டிருவாங்க மிஸ்."

இடுப்பில் புத்தம்புதுப் பட்டி, இல்லத்தில் வாங்கிக் கொடுத்ததாம். அவரிடம் கேட்டுக்கொண்டு பொறுப்பாளருக்குப் போன் எடுத்தேன். "இவங்களுக்குச் சரியாத் தூக்கத் தெரியல்ல மிஸ், நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றார்.

சரி, சொல்லிக் கொடுக்கலாம். முழங்காலை மடி, முதுகை நிமிர்த்து. அதெல்லாம் அரிசி மூட்டைக்குச் சரிவரும். மூட்டை பாதிவழியில் பயந்து உங்கள் கழுத்தைக் கட்டிப்பிடிக்காது. பாரிசவாதம் வந்த ஐயா பிடிப்பார். ஆளைக் கையால் தூக்க அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சொல்லும் எல்லை 35 இறாத்தல், சுமார் 16 கிலோ. அதுவும் தூக்கப்படுபவர் ஒத்துழைத்தால். அந்த ஐயா 60 கிலோ இருப்பார். எப்படிக் குனிந்தாலும் 60 கிலோ 60 கிலோதான். பட்டி கட்டினால் காயம் வராது என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை. கட்டிய துணிவில் இன்னும் கூடத் தூக்குவார்கள், அவ்வளவுதான்.

ஆகவே இல்லம் நடத்துபவர்களே, அவருக்குத் தூக்கத் தெரியுமா என்று என்னிடம் கேட்காதீர்கள். அன்றிரவு ஏன் தனியே நின்றார் என்று உங்கள் டியூட்டி அட்டவணையைக் கேளுங்கள்.

எழும்ப முடியாதவரை ஒருவர் தனியாகத் தூக்கவே கூடாது. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும். டியூட்டி மாறும்போது பத்து நிமிடம் ஒதுக்குங்கள். யாருக்குத் தலைசுற்று, யார் சாப்பிடவில்லை என்பது இரவு நின்றவருக்குத்தான் தெரியும். அவரைக் கதைக்க விடுங்கள். நாரி நோகுது என்று வந்து சொன்னவரை ஏசாதீர்கள், அடுத்தவர் வாயே திறக்கமாட்டார்.

"இது புண்ணியமான வேலை" என்கிறீர்கள். புண்ணியம்தான். அதற்காக ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டவேண்டிய 12 வீதம் தள்ளுபடியாகாது.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் பிள்ளைகளே, அம்மாவை வடிவாகப் பார்க்கிறார்களா என்று கேட்கும்போது இரவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றும் ஒருதரம் கேளுங்கள், தயவுசெய்து.

படுத்தே கிடக்காமல் நடக்கச் சொல்லி, இரண்டு கிழமைக்குத் தூக்கும் வேலை கூடாது என்று துண்டு எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, மூன்று நாள் என்று மாற்றித் தர ஏலுமா என்று கேட்டார்.