பழைய காருக்கு எல்இடி ஹெட்லைட்: பல்ப மட்டும் மாத்துனா போதுமா?

20,000 லூமன்னு (லூமன்ங்கிறது மொத்த வெளிச்சத்தோட அளவு) அட்டைப்பெட்டியில பெருசா போட்டிருக்கிற எல்இடி பல்ப வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. கார் பல்புல வர்ற வெள்ளை எல்இடி நடைமுறையில ஒரு வாட்டுக்கு 100லேருந்து 150 லூமன் குடுக்கும், அவ்வளவுதான். பல்ப் 25 வாட் இழுக்குதுன்னா 2,500லேருந்து 3,750 லூமன். 20,000 வேணும்னா ஒத்த பல்பே 130 வாட்டுக்கு மேல இழுக்கணும், அந்த சூட்டுல சுண்டுவிரல் சைஸ் சிப்பு தாங்கவே தாங்காது. இதுல காமெடி என்னன்னா பொய் சொல்லணும்கிற அவசியமே இல்ல, ஏன்னா ஒரு நல்ல ஹெச்4 ஹாலஜன் பல்போட (ரெண்டு பீமும் ஒரே பல்புல வர்ற பழைய ஃபிலமென்ட் வகை) ஸ்பெக்கே 13.2 வோல்ட்ல லோ பீம் (கீழ்நோக்கி கிட்டத்துல விழுறது) 1,000 லூமன், ஹை பீம் (நேரா தூரத்துக்குப் போறது) 1,650 லூமன்தான். உண்மையான எல்இடியே அதைத் தாண்டிடும்.

ஆனா ராத்திரி ரோடு தெரியுறதுக்கும் லூமனுக்கும் நேரடி சம்பந்தம் கம்மி. எவ்வளவு வெளிச்சம் வருதுங்கிறது பல்போட வேலை, அது எங்க போய் விழுதுங்கிறது ரிஃப்ளெக்டரோட (பல்புக்குப் பின்னாடி இருக்கிற குழிவான பளபளப்புப் பரப்பு) வேலை. பழைய கார்ல எல்இடி போட்டு "ஒண்ணும் தெரியல, எதிர்ல வர்றவன் மட்டும் திட்டுறான்"னு புலம்புறவங்க நிறைய பேருக்கு பிரச்சனை இந்த ரெண்டாவதுலதான்.

ஹெச்4 பல்ப் ஒண்ண கையில எடுத்து (கண்ணாடில விரல் படாம, எண்ணெய்ப்பசை ஒட்டினா அந்த இடம் ஓவரா சூடாகி பல்ப் சீக்கிரம் போயிடும்) உள்ள பாருங்க. ரெண்டு ஃபிலமென்ட் இருக்கும். ஹை பீம் ஃபிலமென்ட் ரிஃப்ளெக்டரோட குவியப்புள்ளியிலயே உக்காந்திருக்கும், அதனால வெளிச்சம் நேரா தூரத்துக்குப் போகும். லோ பீம் ஃபிலமென்ட் குவியத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, அதுக்குக் கீழ ஒரு குட்டி உலோகக் கிண்ணம். அந்தக் கிண்ணம் கீழ போற வெளிச்சத்தை மறைச்சிடும், மிச்சம் ரிஃப்ளெக்டரோட மேல்பாதியில மட்டும் பட்டு கீழ்நோக்கித் திரும்பி ரோட்டுல விழும். செவுத்துல லைட் அடிச்சா மேல இருட்டு கீழ வெளிச்சம்னு ஒரு கோடு தெரியுதே, அது அந்தக் கிண்ணத்தோட விளிம்புதான். கிண்ணத்தோட ஒரு பக்கம் 15 டிகிரி சாய்ஞ்சிருக்கும், அதனாலதான் ரோட்டோரப் பக்கம் மட்டும் கோடு மேல ஏறுது, ஓரத்துல நடந்து போறவங்க தெரியுறாங்க, எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கல. 1971ல ஹெச்4 வந்தப்பவே இப்படித்தான் இருந்திருக்கு.

இப்ப இதே இடத்துல எல்இடி வருது. ஃபிலமென்ட்ங்கிறது மெல்லிசான சுருள், சுத்தி எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும். எல்இடி தட்டையான சிப்பு, முன்னாடி மட்டும்தான் விடும், அதனால ஒரு செம்புப் பட்டையோட ரெண்டு பக்கமும் சிப்ப ஒட்டி ஃபிலமென்ட் மாதிரி நடிக்க வைக்கிறாங்க. பட்டை தடிமனா இருந்தா சிப்பு ரெண்டும் அச்சுலேருந்து விலகிடும். விலகினா என்ன ஆகும்? ரிஃப்ளெக்டரோட குவியத்தூரம் 25 மில்லிமீட்டர்னு வெச்சுக்கோங்க, வெளிச்சம் வர்ற இடம் 1 மில்லிமீட்டர் நகர்ந்தா கதிர் 25ல 1 பங்கு, அதாவது 4 சதவீதம் திரும்பும், 25 மீட்டர் தள்ளிப் பார்த்தா அது முழுசா 1 மீட்டர். லோ பீம் கோடு வழக்கமா இறங்கவேண்டியதே 1 சதவீதம் ஒட்டித்தான்! சும்மா 1 மில்லிமீட்டர் தப்பு அதைப்போல நாலு மடங்கு. அதனால எல்இடி பல்ப் வாங்குறீங்கன்னா லூமன் நம்பரை விட்டுட்டு பட்டை எவ்வளவு மெல்லிசு, சிப்பு பழைய ஃபிலமென்ட் இருந்த இடத்துலயே வருதா, அந்தக் குட்டிக் கிண்ணம் இருக்கா, மாட்டும்போது சிப்பு ரெண்டும் இடமும் வலமும் பார்த்து நிக்குதா, இதைப் பாருங்க. ரிஃப்ளெக்டரே வெள்ளிப்பூச்சு போய் மங்கலா கிடந்தா எந்த பல்ப் போட்டும் பிரயோஜனமில்ல.

எல்இடிக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொரு விஷயம், இதை பாதிப்பேர் செக் பண்றதே இல்ல. ஃபிலமென்ட் பல்போட வெளிச்சம் வோல்டேஜோட 3.4வது அடுக்குக்கு ஏத்த மாதிரி மாறும். பல்ப் முனையில 13.2 வோல்ட் வரவேண்டிய இடத்துல 11.5தான் வருதுன்னா வோல்டேஜ் குறைஞ்சது 13 சதவீதம், வெளிச்சம் குறைஞ்சது 37 சதவீதம். பழைய கார்கள் பலதுல ரிலேவே (சின்ன கரன்ட்டால பெரிய கரன்ட்டை ஆன் பண்ற ஸ்விட்ச்) கிடையாது, பேட்டரிலேருந்து கரன்ட் டேஷ்போர்டு ஸ்விட்சுக்குப் போய், ஹை பீம் லோ பீம் மாத்துற டிம்மர் ஸ்விட்சுக்குப் போய், அப்புறம் அத்தனை தூரம் திரும்பி முன்னாடி வந்து லைட்டுக்குப் போகும், 55 வாட் ரெண்டு பல்புக்கு 9 ஆம்ப்ஸ் கிட்ட அந்த நூல் மாதிரி வயர்லயும் கருத்துப்போன ஸ்விட்ச் முனையிலயும் ஓடும். இஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டுட்டு, மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி பிளஸ்லயும் இன்னொண்ணை பல்ப் கனெக்டர்ல பிளஸ் முனையிலயும் வைங்க, நடுவுல தொலையுற வோல்டேஜ் அப்படியே காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா வயரிங்ல வேலை இருக்கு. எர்த் பக்கமும் (கார் பாடி வழியா கரன்ட் பேட்டரிக்குத் திரும்புற பாதை) இதேமாதிரி பாருங்க, துருப்பிடிச்ச எர்த் முனைதான் பல நேரம் வில்லன். ஃபியூஸோட ஒரு தடிமனான வயரும் ரெண்டு ரிலேவும் போட்டாலே ஸ்விட்ச் வழியா ரிலேவைத் தூண்டுற சொற்ப கரன்ட்தான் போகும், பழைய ஹாலஜனே புதுசு மாதிரி எரியும். என்னைக் கேட்டா முதல் வேலை இதுதான். எல்இடி போட்டா கரன்ட் பாதிக்கும் கீழ வந்துடும், உள்ள சிப்புக்குப் போற கரன்ட்டைக் கட்டுப்படுத்துற டிரைவர் சர்க்யூட் வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்குனாலும் சமாளிச்சுக்கும், உண்மைதான், ஆனா எர்த் சரியில்லன்னா அதுவும் மினுக்க ஆரம்பிச்சிடும்.

அடுத்தது சூடு. ஹாலஜன் பெரும்பகுதி கரன்ட்டை அகச்சிவப்புக் கதிரா முன்பக்கமே வீசிடும், கண்ணாடி தொடமுடியாத அளவுக்கு சுடும். எல்இடில முன்னாடி வர்றது வெறும் வெளிச்சம், சூடெல்லாம் சிப்புக்குப் பின்னாடி தேங்குது. சிப்பு உள்ள 150 டிகிரி செல்சியஸ் பக்கம் போனா ஆயுசு முடிஞ்சுது, அதனாலதான் பின்னாடி ஃபேன், சூட்டை வெளிய கடத்துற அலுமினிய ஹீட் சிங்க் எல்லாம். பழைய கார்ல லைட்டுக்குப் பின்னாடி இருக்கிறது காத்தே போகாத ஒரு தகரக் கிண்ணம், அதுக்குள்ள ஃபேன் அதே சூட்டுக் காத்தையே சுத்திச் சுத்தி அடிக்கும், டிரைவர் சர்க்யூட் தன்னைக் காப்பாத்திக்க கரன்ட்டைக் குறைக்கும், கிளம்பும்போது பளிச்னு இருந்தது போகப்போக மங்கும். பனி கொட்டுற ஊர்ல இருக்கிறவங்களுக்கு இன்னொரு தலைவலி, முன்கண்ணாடி சூடாகாததால பனி உருகாம அப்பிக்கிட்டே இருக்கும்.

கலர் பத்தி ஒரு வரி. வெள்ளை எல்இடிங்கிறது நிஜத்துல காலியம் நைட்ரைடு சேர்ந்த நீல எல்இடி மேல மஞ்சள் பாஸ்பர் (நீல வெளிச்சத்தை வாங்கி மஞ்சளா விடுற பொடி) பூசினது (அந்த நீல எல்இடிக்குத்தான் 2014ல அகாசாகி, அமானோ, நாகமுரா மூணு பேருக்கும் இயற்பியல் நோபல்). 6,000 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற அளவு, கூடக்கூட நீலம் கூடும்) பல்ப் பார்க்க மாடர்னா இருக்கும், ஆனா எதிர்ல வர்றவங்க கண்ணை நீலம் கலந்த வெளிச்சம் அதிகமா உறுத்தும், நான் 4,000 சொச்சத்துலயே நின்னுக்குவேன், பழைய காருக்கு அந்த லேசான மஞ்சள்தான் அழகும்கூட.

சரி, அப்ப எதுதான் நல்ல வழி? உங்க காருக்கு 7 இன்ச் வட்ட லைட்டுன்னா நீங்க அதிர்ஷ்டசாலி. 1940 மாடல்லேருந்து அமெரிக்காவுல சீல்டு பீம்னு (கண்ணாடி, ரிஃப்ளெக்டர், ஃபிலமென்ட் எல்லாம் சேர்ந்து மூடின ஒரே யூனிட்) இந்த சைஸைக் கட்டாயமாக்குனாங்க, மத்த நாட்டுக் கம்பெனிகளும் அதையே பிடிச்சுக்கிட்டதால இன்னிக்கும் அதே சைஸ்ல முழு எல்இடி யூனிட் கிடைக்குது. இதுல சிப்பு, லென்ஸ், ஹீட் சிங்க் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பார்த்து டிசைன் பண்ணது, எதுவும் இன்னொண்ணு மாதிரி நடிக்கவேண்டியதில்ல. பல்ப் மாத்துறதை விட இது எவ்வளவோ மேல். மூஞ்சி ரோபோ மாதிரி ஆயிடும்ங்கிறது வாஸ்தவமான குறை, பழைய தோற்றத்துக்குக் கிட்டத்துல வர்ற யூனிட்டும் இருக்கு, தேடணும். வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்க ஆழத்தை அளந்துடுங்க, ஹீட் சிங்க் பின்னாடி இருக்கிற தகரக் கிண்ணத்துல முட்டும். இடதுபக்கம் ஓட்டுற நாட்டுக்கும் வலதுபக்கம் ஓட்டுற நாட்டுக்கும் யூனிட் வேற வேற, மாத்தி வாங்குனா அந்த 15 டிகிரி சாய்வு எதிராளி கண்ணுல போய் நிக்கும். ஹாலஜன் லைட்டுக்குள்ள எல்இடி பல்ப் போடுறது பல நாட்டுல சட்டப்படி தப்பு, ஜெர்மனில 2020லேருந்து குறிப்பிட்ட பல்ப குறிப்பிட்ட மாடல்ல மட்டும் விடுறாங்க. முழு யூனிட்னா லென்ஸ்லயே அங்கீகார முத்திரை அச்சடிச்சிருக்கான்னு பாருங்க.

ரொம்பப் பழைய வண்டின்னா இன்னும் சில பொறிகள் இருக்கு. 6 வோல்ட் கார்ல 12 வோல்ட்டுக்குச் செஞ்ச எல்இடி எரியாது. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலதுல பாடி பேட்டரியோட பிளஸ்ல இருக்கும், ஃபிலமென்ட்டுக்கு எந்தப் பக்கமா கரன்ட் வந்தாலும் ஒண்ணுதான், எல்இடிக்கு அப்படி இல்ல. சில ஜப்பான் கார்ல ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும், அதுல சாதா எல்இடி பல்ப் ஒழுங்கா வேலை செய்யாது, ஹை பீம் இண்டிகேட்டரும் குழம்பும். டைனமோ (பழைய வகை சார்ஜிங் ஜெனரேட்டர்) இருக்கிற வண்டிக்கு மட்டும் எல்இடி உண்மையிலேயே வரம், ஐடில்ல சார்ஜே ஏறாத நேரத்துல பேட்டரி தாங்கும். மலிவு டிரைவர் சர்க்யூட் இருக்கிற எல்இடி போட்டா ஏஎம் ரேடியோவுல இரைச்சல் வரும்.

எதை மாட்டினாலும் எய்ம் பண்ணாம ரோட்டுல எடுக்காதீங்க. டயர்ல காத்து சரியா வெச்சு, டிரைவர் சீட்ல ஒருத்தரை உக்கார வெச்சு, சமதரையில செவுத்துலேருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. லைட்டோட நடு மையம் தரையிலேருந்து என்ன உயரமோ செவுத்துல அதே உயரத்துல ஒரு டேப் ஒட்டிட்டு, லோ பீம் கோட்டோட தட்டையான பகுதி அதுக்கு 10 சென்டிமீட்டர் கீழ வர்ற மாதிரி ஸ்க்ரூவைத் திருப்புங்க. கோடே தெரியல, மேல எல்லாம் வெளிச்சம் சிதறிக் கிடக்குதுன்னா ஸ்க்ரூவைத் திருகி பிரயோஜனமில்ல, அந்த பல்ப கழட்டி திருப்பிக் குடுத்துடுங்க.