அம்மாவிடம் படத்தைக் காட்டி "இது யாரு?" என்று கேட்காதீர்கள்

மறதி நோய் வந்த பெற்றோரை அழைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். ஃபோனை எடுத்து ஒரு படத்தை முகத்துக்கு நேரே நீட்டி, "அம்மா, இது யாரு, சொல்லு பாப்போம்" என்று கேட்கிறார்கள். அம்மா பார்க்கிறார், யோசிக்கிறார், சிரித்துச் சமாளிக்கிறார். அப்புறம் முகம் சுருங்கிவிடும். தெரிந்திருக்க வேண்டிய ஒன்று தனக்குத் தெரியவில்லை என்பது மட்டும் அவருக்கு நன்றாகவே புரிகிறது. பாசத்தில் கேட்கிற கேள்விதான், ஆனால் அங்கே அது பரீட்சையாகிவிடுகிறது.

முதியவர்களோடு வேலை செய்கிற உளவியலாளராக நான் குடும்பங்களிடம் முதலில் சொல்வது இதுதான்: கேட்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள். "இது சித்தி கல்யாணம்மா, மதுரையில நடந்துச்சே, நீதான் அவளுக்குத் தலை பின்னிவிட்ட" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் காத்திருங்கள். அவசரப்படாமல் இருந்தால் பல நேரம் ஏதோ ஒன்று வரும். ஒரு பெயராக இருக்கலாம், அன்றைய பந்தியில் போட்ட இனிப்பாக இருக்கலாம், பாதி வாக்கியமாகவும் இருக்கலாம். எதுவுமே வராவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்ததே போதும்.

எந்தப் படம் என்பதும் முக்கியம். போன மாதம் பேரனுக்கு எடுத்த பிறந்தநாள் படம் வேலை செய்யாது. மறதி நோய்களில் அதிகம் காணப்படுகிற அல்சைமர் நோயில் புதிய நினைவுகள்தான் முதலில் பாதிக்கப்படுகின்றன. பத்து வயதிலிருந்து முப்பது வயது வரைக்குமான நினைவுகள் பெரும்பாலானவர்களுக்கு மற்ற வயதுகளை விட அழுத்தமாகப் பதிந்திருக்கும், அதனால் அந்தக் காலத்துப் படங்களைத் தேடி எடுங்கள், பள்ளிக்கூட குரூப் ஃபோட்டோ, கல்யாண ஆல்பம், ஸ்டூடியோவில் திரைக்கு முன்னால் நின்று எடுத்தது, எதுவானாலும் சரி. பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். ஃபோன் திரை சின்னது, விரல் பட்டாலே அடுத்த படத்துக்கு ஓடிவிடும், அவர்களுக்கு அது குழப்பம். காலை நேரம் நல்லது, ஏனென்றால் சாயங்காலம் பலருக்கு மனம் தடுமாறும். தங்கையைக் காட்டி மகள் என்று சொன்னால் திருத்த வேண்டாம். இறந்துபோன அப்பாவின் படத்தைப் பார்த்து "எங்க போனார் இவர்?" என்று கேட்டால் சாவுச் செய்தியை மறுபடி முதல் தடவை போலச் சொல்லாதீர்கள், "அப்பா ஞாபகம் வந்துருச்சாம்மா, அவரைப் பத்தி சொல்லேன்" என்று பேச்சை அவர் பக்கம் திருப்புங்கள். அழுகை அதிகமானால் படத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

முதியவர்கள் பழையதையே பேசுவது வெறும் புலம்பல் இல்லை, வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துச் சமாதானம் தேடுகிற மனவேலை என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் எழுதினார். பழைய நினைவுகளைப் பேசவைக்கிற சிகிச்சைமுறைக்கு அது ஒரு பெரிய தொடக்கம். இதன் பலன் சிறியதுதான், மருந்துக்கு மாற்றும் இல்லை. ஆனால் மாத்திரை, குளியல், தூக்கம் தவிர அம்மாவோடு பேச வேறொன்றும் இல்லாமல் களைத்துப்போன ஒரு மகளுக்கு அந்த அரைமணி நேரம் என்ன தருகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகளிடம் நேர் எதிராகச் செய்ய வேண்டும். அவர்களிடம் கேளுங்கள். "அன்னிக்கு கடற்கரையில என்ன நடந்துச்சு? ஏன் அழுத?" என்று விரிவாகக் கேட்டுப் பேசுகிற பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தங்கள் வாழ்க்கை பற்றிய நினைவுகள் செறிவாக இருக்கின்றன என்று உளவியலாளர் ராபின் ஃபிவுஷ் போன்றவர்களின் ஆய்வுகள் சொல்கின்றன. படம் எடுப்பதாலேயே நினைவு வந்துவிடாது. உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருட்களைப் படம் எடுத்துக்கொண்டே போனவர்கள், வெறுமனே பார்த்தவர்களை விடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாகக் கவனித்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. ஆக, படம் எடுங்கள், ஆனால் கவனித்து எடுங்கள், அப்புறம் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுங்கள். பேசும்போது கொஞ்சம் எச்சரிக்கையும் வேண்டும். 2002-இல் நடந்த ஒரு சோதனையில், சிறுவயதில் வெப்பக்காற்று பலூனில் பறந்தது போல ஒட்டுவேலை செய்த படத்தைச் சிலருக்குக் காட்டினார்கள், நடக்காத அந்தப் பயணத்தைப் பாதிப்பேர் முழுதாகவோ அரைகுறையாகவோ "நினைவுகூர்ந்தார்கள்". பழைய படத்தை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பி ஆளுக்கொரு கதை சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை.

அம்மாக்களைப் படம் எடுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். எத்தனையோ வீடுகளில், மாலை போட ஒரு நல்ல படம் இல்லாமல், அடையாள அட்டையிலோ யாருடைய கல்யாணப் படத்தின் ஓரத்திலோ இருந்து முகத்தை வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அவர் எப்போதும் பரிமாறிக்கொண்டே இருந்தார், யாரும் கேமரா முன்னால் உட்கார வைக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த வருத்தம் தனியாக வலிக்கிறது.

அப்பா இறந்த வீட்டில் "குழந்தை பாத்தா ஏங்கிடும்" என்று எல்லாப் படங்களையும் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். வேண்டாம். படம் மறைந்தால் அப்பாவைப் பற்றிப் பேசவே கூடாது என்றுதான் குழந்தை புரிந்துகொள்கிறது. கை எட்டுகிற இடத்தில் ஒன்றை வையுங்கள், பார்ப்பதா வேண்டாமா என்பதை அது தீர்மானிக்கட்டும்.

பெரியவர்கள் படத்தைப் பார்த்து அழுவதும் நோய் இல்லை. ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் நாள் முழுக்க அந்தப் படத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தால், அல்லது வீட்டில் ஒரு படம் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்து அந்த அறைக்கே போகாமல் இருந்தால், சாப்பாடும் வேலையும் விட்டுப்போயிருந்தால், உதவி தேவை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.