90-70-90: கருப்பை வாய்க்கு ஏன் இந்த வயதுக் கணக்கு?

கருப்பை வாய்ப் புற்றுநோயை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் 2020-இல் ஒரு திட்டத்தை அறிவித்தது. 2030-க்குள் நாடுகள் எட்ட வேண்டிய இலக்குகள் மூன்று: 15 வயதுக்குள் 90 விழுக்காட்டுச் சிறுமியருக்கு எச்.பி.வி. (பாலுறவு வழியே தொற்றி இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) தடுப்பூசி, 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் 70 விழுக்காட்டுப் பெண்களுக்குப் பரிசோதனை, பாதிப்பு கண்டறியப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. இந்த வயதுகளின் காரணம் புரிய, உறுப்பின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகி யோனிக்குள் முடியும் இடமே கருப்பை வாய். மாதவிலக்கு இரத்தம் வெளியேறுவதும், விந்தணு உள்ளே செல்வதும், இயல்பான பிரசவத்தில் குழந்தை வெளிவருவதும் இதன் வழியேதான். இதன் உட்பாதையில் சளி சுரக்கும் ஒற்றை அடுக்கு உயிரணுக்கள் இருக்கின்றன; யோனியைப் பார்த்த வெளிப்புறத்திலோ பல அடுக்குத் தட்டை உயிரணுக்கள். பருவமடைந்த பின் உள் அடுக்கு சற்று வெளியே விரிகிறது. யோனியின் அமிலத்தன்மை பட்டு, அது சிறிது சிறிதாகத் தட்டை உயிரணுக்களாக மாறுகிறது. அப்படி மாறும் வளையத்தில்தான் பெரும்பாலும் எச்.பி.வி. தொற்று புற்றுநோய்க்கு வித்திடுகிறது.

தொற்று வந்தாலே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலான தொற்றுகளை ஓரிரு ஆண்டுகளில் உடலே விரட்டிவிடும். தங்கிவிடும் தொற்று முற்றிப் புற்றுநோயாக, பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இந்த நீண்ட இடைவெளிதான் திட்டத்தின் ஆதாரம். ஏற்கெனவே தொற்றிய கிருமியைத் தடுப்பூசி நீக்காது; அதனால் பாலுறவு தொடங்கும் முன்பே, 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு நோய் விரைவாக முற்றும் என்பதால் அவர்களுக்கு 25 வயதிலேயே பரிசோதனை தொடங்குகிறது, மற்றவர்களுக்கு 30.

எச்.பி.வி. பரிசோதனைக்கு யோனியிலிருந்து மாதிரியைப் பெண்ணே எடுத்துக் கொடுக்கலாம். கூச்சத்தால் தள்ளிப்போடுபவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பேன். அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் முறையும் உண்டு. ஆனால் மாதவிலக்கு நின்றபின் அந்த வளையம் பெரும்பாலும் உட்பாதைக்குள் போய்விடுவதால், அப்போது அம்முறை பொருந்தாது.

தடுப்பூசி போட்டவர்களுக்கும் பரிசோதனை தேவை, ஏனெனில் எல்லா எச்.பி.வி. வகைகளையும் தடுப்பூசி தடுப்பதில்லை. முடிவு இயல்பாக வந்தாலும் அது சினைப்பைகளைப் பற்றி எதுவும் சொல்லாது. தடுப்பூசியும் பரிசோதனையும் இலவசமா, எந்த வயதில் என்பதை ஒவ்வொரு நாட்டு அரசும் முடிவு செய்கிறது. அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் கேட்கலாம். மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு, உறவுக்குப் பின் இரத்தக் கசிவு இருந்தால், திட்டம் சொல்லும் வயதுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.