விளக்கு வெளிச்சத்துக்குச் செதுக்கிய கல்

மித்ராஸ் சிற்பங்களை மியூசியத்தின் பளிச் வெளிச்சத்தில் பார்ப்பது, நாடகம் முடிந்த மறுநாள் பகலில் மேடைப் படுதாவைப் போய்ப் பார்க்கிற மாதிரி. அவை இருட்டுக்காகச் செதுக்கப்பட்டவை.

மித்ராஸ் ஒரு கடவுள்; கி.பி. 1 முதல் 4-ஆம் நூற்றாண்டு வரை ரோமப் பேரரசில் பரவியிருந்த ரகசிய வழிபாடு அவனுடையது. சிப்பாய்கள், சுங்க ஊழியர்கள், விடுதலை பெற்ற அடிமைகள் என்று சேர்ந்தவர்கள் ஆண்களே. கோயில் என்பது குகை போன்ற ஓர் அறை. இருபுறமும் சாய்ந்து படுத்துச் சாப்பிடத் திண்ணைகள், கோடியில் அந்தப் புடைப்புச் சிற்பம்.

காட்சி அநேகமாக எங்கும் ஒன்றுதான். மித்ராஸ் காளையின் முதுகில் முழங்காலை ஊன்றி, ஒரு கையால் மூக்கைப் பிடித்திழுத்து, மறு கையால் கத்தியைப் பாய்ச்சுகிறான். முகம் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருக்கும். வழியும் ரத்தத்துக்கு நாயும் பாம்பும் எம்புகின்றன. தேள் விதைப்பையைக் கவ்வுகிறது. வாலின் நுனியைப் பாருங்கள்: பல சிற்பங்களில் அது கோதுமைக் கதிர். காளை, நாய், பாம்பு, தேள், கூடவே ஒரு காக்கை. எல்லாமே விண்மீன் கூட்டங்கள் என்பதால் இதை வான வரைபடம் என்பவர்கள் உண்டு. லண்டனில் கிடைத்த சிற்பத்தைச் சுற்றி ராசிச் சக்கரமே இருக்கிறது. புனித நூல் எதுவும் மிஞ்சாத வழிபாடு என்பதால், விவாதம் ஓய்ந்தபாடில்லை.

சரி, இருட்டுக்கு வருவோம். ரோமில் சான்டோ ஸ்டெஃபானோ ரோட்டோண்டோ தேவாலயத்தின் அடியில் 1973-இல் கிடைத்த சிற்பத்தில் மித்ராஸின் முகத்தில் பொன் பூச்சு ஒட்டியிருந்தது. எண்ணெய் விளக்கின் சுடர் அசைய அசைய, அந்த முகம் மட்டும் மின்னியிருக்கும். ஆழமாகக் குடைந்த இடங்களில் நிழல் ஆடியிருக்கும். பிரிட்டனில் ரோமர்கள் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரை ஒட்டிய காராபரோவில் இன்னும் கெட்டிக்காரத்தனம். அங்குள்ள பலிபீடத்தில் கடவுளின் தலையைச் சுற்றிய கதிர்களைக் கல்லில் துளைத்தே விட்டார்கள். பின்னாலுள்ள குழியில் விளக்கை வைத்தால் கதிர்கள் தானாக எரிவது போலிருக்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஜெர்மனியின் ஹெடர்ன்ஹைம் சிற்பம். அதன் நடுப்பலகை, பழைய கதவு குடுமியில் திரும்புவது போலச் சுழலும். முன்பக்கம் கொலை. திருப்பினால் காளை செத்துக் கிடக்கிறது. சூரியக் கடவுள் மித்ராஸிடம் திராட்சைக் குலையை நீட்டுகிறான். இந்தக் கோயில்கள் பலவற்றில் கோழி எலும்புகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பலகை திரும்பிய நேரம், அநேகமாகத் திண்ணையில் இருந்தவர்களுக்கும் சாப்பாட்டு நேரம்தான்.