நர்சிங் கல்லூரி ஆசிரியரை அவமதித்தால் எந்தச் சட்டம் காக்கும்?

வார்டில் மாணவிகள் சுற்றி நிற்கும்போது, "உங்களுக்கே ஒன்றும் தெரியாது, இவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பீர்கள்?" என்று டியூட்டரை (நர்சிங் ஆசிரியரை) ஒரு மூத்தவர் கேட்கிறார். அடுத்த வாரம் அவருடைய வகுப்புகள் வேறொருவருக்குப் போகின்றன. விடுப்புக் கடிதம் பிரின்சிபால் மேசையிலேயே கிடக்கிறது. பிறகு, விளக்கம் கேட்டு மெமோ வருகிறது. நர்சிங் ஆசிரியர்களுக்கு இது பழகிய கதைதான். எங்கே புகார் செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

பணியிட அவமதிப்புக்கென்று இந்தியாவில் பொதுவான தனிச் சட்டம் இல்லை. தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போவதும் கடினம். 2025 வரை நடைமுறையில் இருந்த தொழில் தகராறு சட்டம் சொன்ன 'தொழிலாளர்' வரையறைக்குள் ஆசிரியர் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே தீர்ப்பளித்துவிட்டது. எனவே 'தொல்லை தருகிறார்கள்' என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் மனு நகராது. எந்தச் செயல் எந்தச் சட்டத்தில் குற்றம் என்று பிரித்து எழுத வேண்டும்.

தொல்லையில் பாலியல் நோக்கமோ பேச்சோ கலந்திருந்தால், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இது தொடுவதற்கும் ஆபாசப் பேச்சுக்கும் மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இணங்க மறுத்ததற்காக வேலைக்கு ஆபத்து வரும் என்று மிரட்டுவது, வேலையில் குறுக்கிடுவது, உடல்நலத்தைப் பாதிக்கும் அளவுக்கு அவமானப்படுத்துவது ஆகியவற்றையும் 3-ஆவது பிரிவு சேர்த்தே சொல்கிறது. பணி நிமித்தமாகப் போகும் இடமும் பணியிடம்தான். ஆகவே மாணவிகளுக்கு நேரடிப் பயிற்சி தரும் கிளினிக்கல் போஸ்டிங்கில் மருத்துவமனையில் நடந்தாலும் புகார் செல்லும். புகார் தருபவர் பெண்ணாக இருக்க வேண்டும். எதிர்த்தரப்பும் பெண்ணாக இருக்கலாம் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. பெண்களே அதிகம் இருக்கும் இந்தத் துறைக்கு அது முக்கியமான தீர்ப்பு.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கல்லூரியில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அமைக்காவிட்டால் நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். குழுவின் தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். ஆனால் புகாரே கல்லூரியை நிர்வகிக்கும் கரஸ்பாண்டென்ட் மீது என்றால்? அவர் அமைத்த குழு அவரை விசாரிப்பது வேடிக்கை. அதற்காகத்தான் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவைச் சட்டம் வைத்திருக்கிறது. மாவட்டச் சமூக நலத்துறை அலுவலர் அதில் பதவி வழி உறுப்பினர் என்பதால், அந்த அலுவலகத்தில் விசாரித்தால் வழி தெரியும்.

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துப் புகார் தர வேண்டும். தொடர் சம்பவங்கள் என்றால் கடைசி நாளிலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை அவகாசம் தரலாம். விசாரணையை 90 நாட்களில் முடிக்க வேண்டும். விசாரணை நடக்கும்போதே இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். புகாரை நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய்ப் புகார் ஆகிவிடாது.

சாதியைச் சுட்டித் திட்டியிருந்தால் கதை வேறு. திட்டப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர், திட்டியவர் அவ்விரண்டையும் சேராதவர் என்றால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் காவல் நிலையத்தில் புகார் தரலாம். பிறர் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாணவிகளும் நோயாளிகளும் இருக்கும் வார்டு அதற்குப் பொருந்தும். கதவு சாத்திய அறையில், பிறர் இல்லாதபோது நடந்தது இந்த நிபந்தனைக்குள் வராது.

வேலையை விடப்போவதாகச் சொன்னதும் அசல் சான்றிதழ்களைத் தர மறுப்பது தனியார் கல்லூரிகளில் இன்னொரு வழக்கம். கல்விச் சான்றிதழ் பிடித்து வைக்கும் அடமானப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. வழக்கறிஞர் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்பிப் பார்ப்பது நல்லது.

இவை எதிலும் அடங்காத ஏச்சுப் பேச்சுக்கு எழுத்து மூலமான முறையீடுதான் வழி. மெமோவுக்கு வாயால் பதில் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். ரோஸ்டரின் (பணி அட்டவணையின்) நகலையும் நிராகரிக்கப்பட்ட விடுப்புக் கடிதத்தின் நகலையும் வீட்டில் வையுங்கள். உள் புகார்க் குழுவுக்குப் போவதானால் சாட்சிகளின் பெயர், முகவரியோடும் ஆவணங்களோடும் புகாரின் ஆறு பிரதிகள் தர வேண்டும்.