சக்கரம் பெரிதானால் மேடு சிறிதாகுமா?

2012 ஆகஸ்ட் 12, லண்டன் ஒலிம்பிக்கின் கடைசி நாள். எஸ்ஸெக்ஸில் ஹேட்லி ஃபார்ம் என்ற புல்மேட்டில், பாறைகளை அடுக்கிச் செயற்கையாக அமைத்த கரடுமுரடான பாதையில் ஆண்களுக்கான மவுண்டன் பைக் போட்டி. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் மிதித்த பிறகு, செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி, சுவிட்சர்லாந்தின் நீனோ ஷுர்ட்டரை ஒரே ஒரு விநாடியில் முந்தித் தங்கம் வாங்கினார். வெண்கலம் வாங்கிய இத்தாலியர் மார்கோ ஃபொன்டானாவின் கதை இன்னும் சுவையானது. கடைசிச் சுற்றில் அவருடைய சீட்டு கம்பியோடு கழன்று போய்விட்டது. மனிதர் நின்றுகொண்டே மிதித்து வந்து சேர்ந்தார்.

எனக்கு அந்தப் போட்டியில் பிடித்தது வேறொன்று. மேடை ஏறிய மூன்று பேரும் மூன்று விதமான சைக்கிளில் வந்திருந்தார்கள். குல்ஹாவியுடையது 29 அங்குலச் சக்கரம், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன். ஷுர்ட்டருடையது 27.5 அங்குலம், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன். ஃபொன்டானாவுடையது 29 அங்குலம், அதிலும் முன்னால் மட்டும்தான். உலகத்திலேயே சிறந்த மூன்று பேருக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்றால், கடையில் நிற்கும் நமக்குக் குழப்பம் வருவதில் ஆச்சரியம் என்ன?

அதற்குச் சில வருடங்களுக்கு முன்புவரை இந்தக் குழப்பமே கிடையாது. மவுண்டன் பைக் என்றால் 26 அங்குலம், அவ்வளவுதான். ஏன் 26? யாரும் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த எண் அல்ல அது. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் மலைச்சரிவில் சைக்கிள் விட்டு விளையாடிய இளைஞர்களுக்குக் கிடைத்தவை, குண்டு டயர் போட்ட பழைய ஷ்வின் சைக்கிள்கள். 1976ல் அவர்கள் தொடங்கிய போட்டிக்கு 'ரீபேக்' என்று பெயர். கீழே வந்து சேர்வதற்குள் பிரேக் சூட்டில் பின்சக்கர ஹப்பின் கிரீஸ் புகைந்து போய்விடும், மறுபடி அடைக்க வேண்டும் என்பதால் வந்த பெயர். அந்தக் குண்டு டயர் 26 அங்குலத்தில்தான் கிடைத்தது. 1977ல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புது ஃபிரேம் செய்தபோதும் அதே அளவை வைத்துக்கொண்டார். 29 அங்குலத்துக்கு ஏற்ற முரட்டு டயர் சந்தைக்கு வந்தது 1999ல், டபிள்யூடிபி நிறுவனத்தின் நானோராப்டர் வழியாக. டயர் இல்லாமல் சக்கரத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்!

பெயரிலும் ஒரு சூது இருக்கிறது. 29 அங்குலச் சக்கரத்தின் ரிம், சாலைப் பந்தய சைக்கிளின் அதே 622 மி.மீ. ரிம்தான். தடித்த டயர் மாட்டும்போது வெளிவிட்டம் 29 அங்குலத்தைத் தொடுகிறது. பழைய 26 அங்குல ரிம் 559 மி.மீ., 27.5 அங்குல ரிம் 584 மி.மீ. கழித்துப் பாருங்கள்: 27.5 என்பது பெயரில்தான் நட்டநடு. உண்மையில் அது 26க்குப் பக்கத்து வீடு.

சரி, பெரிய சக்கரம் என்னதான் செய்கிறது? டிராலி பெட்டியை இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தவர்களுக்குப் பாதி பதில் தெரியும். கட்டைவிரல் உயரமுள்ள ஒரு மேட்டில் பெட்டி முட்டி நின்றுவிடும், தூக்கித்தான் வைக்க வேண்டும். அதே மேட்டை மாட்டுவண்டிச் சக்கரம் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்க்கலாம். 10 செ.மீ. உயரக் கல் ஒன்று வழியில் இருக்கிறது. சக்கரம் கல்லின் விளிம்பைத் தொடும் இடத்திலிருந்து அச்சுக்கு ஒரு கோடு போடுங்கள். அச்சிலிருந்து நேர் கீழே தரைக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணம் பெரிதாக இருந்தால், கல் சக்கரத்தைப் பின்னால் தள்ளும். சிறிதாக இருந்தால் மேலே தூக்கும். 26 அங்குலத்தின் ஆரம் ஏறத்தாழ 335 மி.மீ., அதன் கோணம் சுமார் 45.5 டிகிரி. 29 அங்குலத்தின் ஆரம் 370 மி.மீ., கோணம் சுமார் 43. அந்தச் சக்கரத்தின் மேல் 40 கிலோ பாரம் இருந்தால், அதை மெல்லத் தள்ளி ஏற்ற 26க்கு நாற்பதரைக் கிலோவுக்கு நிகரான தள்ளுவிசை வேண்டும், 29க்கு முப்பத்தேழரை போதும்.

எட்டு சதவீதம்தான் மிச்சம். விளம்பரப் படங்களில் கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போவதுபோல் வரைந்திருப்பார்கள், நம்ப வேண்டாம். ஆனால் மலைப்பாதையில் கல் ஒன்றா இரண்டா? ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கரைந்துகொண்டே வருகிறது. எட்டு சதவீதம் குறைவாகக் கரைந்தால் மணிக்கணக்கில் மிதிப்பவனின் தொடைக்கு அது தெரியும். பள்ளத்திலும் இதே கதை. 20 செ.மீ. அகலமுள்ள பள்ளத்தில் 26 அங்குலச் சக்கரம் 15 மி.மீ. இறங்கும், 29 அங்குலம் 14 மி.மீ.க்குள் நிற்கும்.

இனி எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். "பெரிய சக்கரம் கனம், கிளம்ப நேரமாகும்" என்பார்கள். சுற்றும் பொருளின் ஓரத்தில் உள்ள எடை, வேகம் பிடிக்கும்போது இரண்டு மடங்காகக் கணக்கில் வரும் என்பது உண்மை. ரிம்மும் டயரும் முன்னே நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும் அல்லவா? ஆனால் ஆரம் கூடியதற்காகத் தனி அபராதம் கிடையாது. பெரிய வளையம் அதே வேகத்துக்குக் குறைவான சுற்றுகளே சுற்றுகிறது, அதனால் ஆரம் கணக்கிலிருந்து அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது எடை மட்டும். ரிம்மும் டயரும் சேர்ந்து 1.5 கிலோ என்றால், 29ல் சக்கரத்துக்கு 165 கிராம் கூடும். இரண்டு சக்கரம், இரண்டு மடங்கு என்று போட்டால் 660 கிராம், ஒரு தண்ணீர் பாட்டில். ஆளும் வண்டியுமாக 90 கிலோவில் இது ஒரு சதவீதம்கூட இல்லை.

அப்படியானால் "கனமாக இருக்கிறது" என்று ஓட்டியவர்கள் சொன்னது பொய்யா? இல்லை, அவர்கள் பழியை வேறு இடத்தில் போட்டுவிட்டார்கள். சக்கரம் பத்து சதவீதம் பெரிதானால், ஒரு சுற்றுக்கு வண்டி பத்து சதவீதம் கூடுதல் தூரம் போகிறது. ஒவ்வொரு கியரும் பத்து சதவீதம் கடினமாகிவிட்டது என்று அர்த்தம். 26ல் பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 32 பல் வைத்து மிதித்தவர், 29ல் அதே சுகத்துக்கு 29 பல்லுக்கு இறங்க வேண்டும். வண்டி வாங்கும்போது பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது.

நிஜமான விலை திருப்புவதில் இருக்கிறது. சுழலும் சக்கரம் தன் திசையை மாற்ற விடாமல் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டு எடையோடும் ஆரத்தோடும் சேர்ந்து வளர்வதால் 29ல் இருபது சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. அப்புறம் 'டிரெயில்' என்று ஒரு அளவு. ஹேண்டில்பார் திரும்பும் அச்சைக் கற்பனையில் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அந்த இடைவெளிதான் டிரெயில். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரம் தானாகவே நேராகிக்கொள்வது இதனால்தான். டிரெயில் கூடினால் வண்டி நேர்கோட்டில் போக ஆசைப்படும், வளைவில் சோம்பும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கு 71 டிகிரி சாய்வும், 38 மி.மீ. முன்தள்ளலும் (திரும்பும் அச்சுக்கு முன்னால் சக்கர அச்சு தள்ளியிருக்கும் அளவு) இருந்து, 26 சக்கரத்துக்கு டிரெயில் 75 மி.மீ. வந்தால், எதையும் மாற்றாமல் 29ஐ மாட்டினால் 87 ஆகிவிடும். ஆரம்பகால 29 வண்டிகள் 'லாரி மாதிரி திரும்புகிறது' என்று பேர் வாங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. முன்தள்ளலை 51 மி.மீ. ஆக்கினால் கணக்கு 73க்குத் திரும்பிவிடுகிறது. தவறு சக்கரத்தில் இல்லை, பழைய சட்டையைப் புது ஆளுக்கு மாட்டியதில் இருந்தது.

இப்போது சஸ்பென்ஷன். ஒரு ஸ்பிரிங்கை வைத்துவிட்டால் சஸ்பென்ஷன் ஆகிவிடாது. நம் ஊர்க் கடைகளில் பளபளவென்று இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்து மலிவாக விற்கும் சைக்கிள்களின் சீட்டை ஒருமுறை அழுத்தி விட்டுப் பாருங்கள். மேலே வந்து, இன்னொரு தரம் துள்ளி, அப்புறம்தான் நிற்கும். ஸ்பிரிங் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தே தீரும். கொடுக்க விடாமல் தடுப்பது டேம்பர்: எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியாகப் பிதுக்கி, அடியின் ஆற்றலை வெப்பமாக்கி விடுகிறது. டேம்பர் இல்லாத பின்ஸ்பிரிங் என்பது நீங்கள் மேட்டுக்குச் சுமந்து செல்லும் இரும்பு, அவ்வளவுதான். அந்தக் காசுக்குப் பின்பக்கம் கெட்டியாக இருக்கும் ஹார்ட்டெயில் ஆயிரம் மடங்கு மேல்.

நல்ல டேம்பர் இருந்தாலும் ஒரு தலைவலி உண்டு. நீங்கள் பெடலை அழுத்தும்போதெல்லாம் எடை பின்னால் சாய்ந்து பின்பக்கம் அமுங்கும். மிதித்த உழைப்பில் கொஞ்சம் எண்ணெயைச் சூடாக்கப் போய்விடும். குல்ஹாவி ஓட்டிய ஸ்பெஷலைஸ்ட் எபிக் சைக்கிள் இதற்குச் செய்திருந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருளை, அதற்குள் ஸ்பிரிங் தாங்கிய ஒரு பித்தளைக் குண்டு. சாதாரணமாகக் குண்டு எண்ணெய் வழியை அடைத்துக்கொண்டிருக்கும், அதனால் மேலிருந்து நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் பின்பக்கம் கெட்டியாகவே இருக்கும். கீழிருந்து ஒரு கல் இடித்தால் சக்கரமும் உருளையும் சட்டென்று மேலே எழும்பும். குண்டு மட்டும் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே தங்கிவிடும். வழி திறக்கும், எண்ணெய் பாயும், அடி உறிஞ்சப்படும். பஸ் திடீரென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்கிறோமே, அதே விதிதான். மின்சாரமோ சென்சாரோ எதுவும் இல்லாமல், அடி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று ஒரு பித்தளைத் துண்டு பிரித்துச் சொல்லிவிடுகிறது.

மற்ற நிறுவனங்கள் இதையே கீல்களின் இடத்தை மாற்றிச் சாதிக்கின்றன. பின்சக்கரத்தைத் தாங்கும் பின்கையின் சுழல்புள்ளியைச் சரியான உயரத்தில் வைத்தால், செயின் இழுக்கும் இழுப்பே பின்பக்கம் அமுங்காமல் தாங்கிக்கொள்ளும். அளவுக்கு மீறினால், சக்கரம் மேலே எழும்போது செயின் இழுபட்டுப் பெடல் காலை உதைக்கும். ஹோர்ஸ்ட் லைட்னர், டேவ் வீகிள் போன்ற சஸ்பென்ஷன் வடிவமைப்பாளர்களின் பெயர் சொல்லி எந்த அமைப்பு ஒசத்தி என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. இன்று நல்ல விலையில் வரும் எல்லா வண்டியும் இந்தச் சமநிலையை ஓரளவு சரியாகவே பிடித்திருக்கிறது.

பெரிய சக்கரமும் பின் சஸ்பென்ஷனும் சேர்வதுதான் கடினமாக இருந்தது. அடி விழும்போது பின்சக்கரம் 12 செ.மீ. மேலே வரும், அதற்கு இடம் வேண்டும். முன்பெல்லாம் அந்த இடத்தில் முன் டிரெயிலியர், அதாவது முன் பல்சக்கரங்களுக்கிடையே செயினை மாற்றும் கருவி, உட்கார்ந்திருந்தது. அதனால் பின்சக்கரத்தைத் தள்ளி வைத்தார்கள், வண்டி நீண்டு போனது. 2012ல் ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1 வந்து, முன்னால் ஒரே பல்சக்கரம் போதும் என்றானபோதுதான் அந்த மூலை காலியானது. நீண்ட ஆரக்கம்பிகளால் சக்கரம் பக்கவாட்டில் நெளிவது இன்னொரு குறை. ஹப்பை அகலமாக்கி, பின்னால் 142 மி.மீ. இருந்ததை 148 ஆக்கி அதையும் சமாளித்தார்கள்.

"29 அங்குலச் சக்கரம் ஒரு அங்குலம் கூடுதல் சஸ்பென்ஷனுக்குச் சமம்" என்று சிலர் சொல்வார்கள். இது சரியில்லை. சக்கரம் செய்வது அடி விழும் முன், சஸ்பென்ஷன் செய்வது அடி விழுந்த பின். பொடிக்கல், வேர், சின்னப் பள்ளம் எல்லாவற்றையும் சக்கரமே சல்லடைபோல் வடிகட்டிவிடும். ஆனால் மூன்றடி உயரத்திலிருந்து குதித்து இறங்கும்போது சக்கரம் எந்த அளவாக இருந்தாலும் ஒன்றுதான், அங்கே சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம் மட்டுமே காப்பாற்றும். ஆகவே குதிக்காமல் நாள் முழுக்க ஏறி இறங்குபவருக்கு 29ம் 120 மி.மீ. சஸ்பென்ஷனும் தாராளம். 150, 160 என்று வாங்கினால் ஏற்றத்தில் சுமப்பதுதான் மிச்சம்.

அப்புறம் உங்கள் உயரம். குல்ஹாவி ஆறடிக்கு மேல். ஷுர்ட்டர் ஐந்தடி எட்டு அங்குலம். ஷுர்ட்டர் அப்போது 27.5ஐப் பிடித்துக்கொண்டிருந்ததில் அர்த்தம் இருந்தது. ஆனால் 2016 ரியோவில் அவரும் முன்பின் சஸ்பென்ஷன் வைத்த 29க்கு மாறித் தங்கம் வாங்கினார், வெள்ளி குல்ஹாவிக்கு. ஃபிரேம் வடிவம் தேறிவிட்டதால் உயரத் தடை அவ்வளவு கீழே இறங்கியிருந்தது. அதற்கும் ஒரு எல்லை உண்டு. செங்குத்தான இறக்கத்தில் சீட்டுக்குப் பின்னால் சாயும்போது, குள்ளமானவரின் பின்புறத்தைப் பின்டயர் உரசிவிடும். 2019 முதல் சர்வதேசப் போட்டிகளில் முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து மாட்ட அனுமதி வந்ததும் பலர் அதற்குத் தாவினார்கள். ஐந்தடி மூன்று அங்குலத்துக்குக் கீழே இருப்பவர்கள் அந்தக் கலப்புச் சக்கரங்களையோ முழு 27.5ஐயோ ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

கடையில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தால் முதலில் பின் ஷாக்கை, அதாவது காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்யும் பின் சஸ்பென்ஷன் பாகத்தைப் பாருங்கள். அதன் பளபளப்பான தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதை மேலே சீல் வரை தள்ளிவிட்டு, வழக்கமாக மாட்டும் பையோடு மெல்ல ஏறி உட்காருங்கள். ஆட்டாமல் இறங்குங்கள். வளையம் தண்டில் எவ்வளவு நகர்ந்தது என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 45 மி.மீ. ஓடும் ஷாக் என்றால் 12, 13 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். 20 நகர்ந்தால் காற்று குறைவு, 5 என்றால் அதிகம். இந்த நிலையில் ஓட்டிப் பார்த்து வண்டியைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஷாக் பம்ப் கேளுங்கள், காற்றைச் சரிசெய்துகொண்டு, வாசலில் இருக்கும் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தபடியே நாலு தடவை ஏறி இறங்குங்கள். வளையம் தண்டின் கடைசிவரை போயிருக்கக் கூடாது. பம்ப் இல்லை என்று கடைக்காரர் சொன்னால், அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.