கோட்டுக் கித்தார்: ‘ஸ்லைடு கித்தார்’ என்ற பெயரும் அதற்குரிய தமிழும்

தரையில் அமர்ந்து, மடியில் மல்லாக்கக் கிடத்திய கித்தாரின் தந்திகள்மீது வழவழப்பான உலோக உருளை ஒன்றை இடக்கையால் நகர்த்தி, வலக்கை விரல்களால் மீட்டி வாசிக்கும் முறையையும், அம்முறைக்கென மாற்றியமைக்கப்பட்ட கருவியையும் இந்துஸ்தானி இசையுலகில் ‘ஸ்லைடு கித்தார்’ என்கிறார்கள். கச்சேரி அறிவிப்புகளிலும் இசைத்தட்டு உறைகளிலும் இப்பெயர் அப்படியே தமிழ் எழுத்தில் அச்சாகிறது. சில மொழிபெயர்ப்பாளர்கள் ‘வழுக்குக் கித்தார்’ என்றும் ‘சறுக்குக் கித்தார்’ என்றும் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். இவ்விரண்டும் ஏன் பொருந்தவில்லை என்பதைச் சொல்வதற்கு முன், பெயர் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

‘கித்தார்’ கிரேக்கத்தின் ‘கிதாரா’ என்னும் நரம்புக் கருவியின் பெயரிலிருந்து அரபு வழியாக ஸ்பானிய மொழிக்குப் போய், ‘கித்தார்ரா’ என்று நிலைபெற்ற சொல். ஓசை ஒற்றுமையை வைத்துச் சிதாரை இதனோடு உறவாக்குவது தவறு. சிதார் என்பது மூன்று என்று பொருள்படும் ‘சே’, தந்தி என்று பொருள்படும் ‘தார்’ என்னும் பாரசீகச் சொற்களின் கூட்டு. முன்னொட்டாக வரும் ‘ஸ்லைடு’ பிற்காலத்தது. இம்முறையை 1880களின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் உருவாக்கிப் பரப்பியவராக ஜோசப் கெகுக்கு போற்றப்படுகிறார். அங்கு அதன் பெயர் ‘கீகா கிலா’. ஆங்கிலத்தில் ‘ஸ்டீல் கித்தார்’. இங்கே ஸ்டீல் என்பது கருவியின் உடலையோ தந்தியையோ குறிக்கவில்லை, கையில் பிடிக்கும் எஃகுத் துண்டையே குறிக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆக, ஹவாய்ப் பெயர் இடக்கையில் உள்ள பொருளைச் சொல்கிறது. ‘ஸ்லைடு’ என்ற பெயர் அந்தப் பொருளின் அசைவைச் சொல்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகைச் சுற்றிவந்த ஹவாய் இசைக் குழுக்களின் வழியே இக்கருவி இந்தியாவுக்கு வந்தது. அக்குழுக்களுள் ஒன்றைச் சேர்ந்த டாவ் மோ 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார். வங்காளத்தில் ‘ஹவாயன் கித்தார்’ என்ற பெயரில் ரவீந்திர சங்கீதத்துக்கும் திரைப்பாடல்களுக்கும் அது பழகிப்போனது. அதை ஆலாபனையும் விரிவும் கொண்ட முழு ராக இசைக்குக் கொண்டு வந்த பெருமை ஜோத்பூரில் பிறந்த பிரிஜ் பூஷண் காப்ராவைச் சேரும். அவர் சரோத் மேதை அலி அக்பர் கானின் மாணவர். சரோதில் சுரங்களின் இடத்தைக் காட்டும் குறுக்குக் கம்பிகளான மெட்டுகள் கிடையாது. உலோகப் பலகையின்மீது நகத்தால் தந்தியை அழுத்தி இழுத்தே சுரங்களை இணைக்க வேண்டும். அந்தக் காது வாய்த்தவருக்கு ஹவாய்க் கித்தாரில் ராகம் ஒளிந்திருப்பது தெரிந்ததில் வியப்பில்லை. சந்தூரில் சிவகுமார் சர்மா, புல்லாங்குழலில் ஹரிபிரசாத் சௌராசியா, தபலாவில் மாணிக்ராவ் போபட்கர் ஆகியோருடன் 1967இல் அவர் வாசித்த ‘கால் ஆஃப் த வேலி’ இசைத்தட்டின் வழியே இந்தக் கித்தாரின் குரல் பெரும் திரளுக்குப் பழக்கமாயிற்று.

செயல்முறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் பெயரின் சிக்கல் விளங்கும். சாதாரணக் கித்தாரில் விரல் தந்தியைப் பலகையோடு அழுத்துகிறது. சுரத்தைத் தீர்மானிப்பது மெட்டு. இந்தக் கித்தாரிலோ தந்திகள் பலகையிலிருந்து உயர்த்தப்பட்டிருக்கும். உருளை தந்தியைத் தொடுமே தவிர, மெட்டைத் தொடும்படி அழுத்தாது. மெட்டு இருக்குமிடத்துக்கு நேர் மேலே உருளை நிற்கும்போது சுரம் சரியாகப் பேசும். இம்மி நகர்ந்தாலும் சுருதி விலகும். உருளையின் பாரம் போதாவிட்டால் தந்தி கரகரக்கும், அமுக்கிவிட்டாலோ சுருதி ஏறிவிடும். உருளைக்குப் பின்னால் வரும் விரல்கள் தந்திமேல் மெல்லப் படிந்து, வேண்டாத அதிர்வை அடக்கியபடியே உடன் நகர வேண்டும்.

தர்பாரி கானடாவின் கோமள காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அந்தச் சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. மத்தியமத்தின் நிழலிலிருந்து இறங்கி, ரிஷபத்தை நோக்கிச் சாய்ந்து, மெதுவாக ஊசலாடும். சிதாரில் ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து நாலைந்து சுரங்கள் வரை எட்டலாம் என்றாலும், இழுக்க இழுக்க விரலின்மேல் இறுக்கம் கூடிக்கொண்டே போகும். உருளைக்கு அந்த எல்லை இல்லை. ஒரே மீட்டலில் ஒரு ஸ்தாயி முழுவதையும் கடக்கலாம்; காந்தாரத்தின் ஊசலை எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் நீட்டலாம், தந்தியின் ஒலி அதுவரை நிலைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அந்த ஒலியை நீட்டிக்கத்தான் இந்தியக் கலைஞர்கள் கருவியில் ‘தரப்’ என்னும் துணையதிர்வுத் தந்திகளையும், ஆதார சுருதியைத் தாங்கி, வேகமான மீட்டலாகிய ஜாலாவுக்கு உதவும் ‘சிகாரி’ தந்திகளையும் சேர்த்தார்கள். உருளையை நகர்த்துவதைவிட நிறுத்துவதே கடினம். எல்லாச் சுரமும் அடுத்த சுரத்தோடு ஒட்டிக்கொள்ளத் துடிக்கும் கருவியில், ‘தான்’ எனப்படும் வேகமான சுர ஓட்டத்தில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே தெறிக்கவிடுவதே உண்மையான தேர்ச்சி என்பது என் கருத்து.

ஆகவேதான் ‘வழுக்கு’, ‘சறுக்கு’ இரண்டையும் ஏற்க இயலவில்லை. தமிழில் வழுக்குவது பிடி தவறுவது, சறுக்குவதும் அவ்வாறே. ‘வழுக்கு’ என்பதற்கே தவறு என்ற பொருளும் உண்டு. இசையில் நடப்பதோ அதற்கு நேர்மாறானது: ஒவ்வொரு நூலளவும் கையின் கட்டுக்குள் இருக்கும் நகர்வு. இந்த நகர்வை இந்துஸ்தானியில் ‘மீண்ட்’ என்பார்கள். கர்நாடக இசையில் இதற்கு நெருக்கமான சொல் ‘ஜாரு’. ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என இருவகை உண்டு. ஆனால் இது நழுவுதல் என்னும் பொருளுள்ள தெலுங்குச் சொல். சிலப்பதிகாரக் கானல்வரி அடுக்கும் வார்தல், வடித்தல், உந்தல் முதலிய எட்டு இசைக்கரணங்களிலிருந்து ஒன்றை எடுத்து மீண்டுக்குச் சூட்டலாம் என்று தோன்றக்கூடும். அவை யாழுக்கு உரியவை. வார்தலைச் சுட்டுவிரலின் தொழில் என்றே உரை விளக்குகிறது. அந்தச் சொற்களை இங்கே பிடித்து இழுப்பது இரண்டுக்கும் நியாயமாகாது.

எனக்குச் சரியாகப் படும் சொல் ‘இழைப்பு’. கல்லில் சந்தனத்தை இழைக்கிறோம். தொடர்பு அறாமல், அளவான அழுத்தத்தோடு, ஒரு பரப்பின்மேல் மற்றொன்றை நகர்த்துவது அது. குரல் இழைகிறது என்றும் பாட்டு இழையோடுகிறது என்றும் சொல்வது நமக்குப் புதிதன்று.

இச்சொல்லுக்கு இன்னொரு வலுவான சான்று மேடையின் மறுபக்கத்தில், தபலாவில் இருக்கிறது. முரசைக் குறிக்கும் ‘தப்ல்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பெயர் பெற்ற இவ்விணையில் வலக்கைக்குரியது தாயாம், இடக்கைக்குரியது பாயாம். தாயாம் பெரும்பாலும் ஸட்ஜத்துக்குச் சுருதி சேர்க்கப்பட்டு நிலையாக ஒலிக்கும். பாயாமின் தோலிலோ விரல் அடித்த கணத்திலேயே மணிக்கட்டின் அடிப்பகுதி அழுந்தி நகர்கிறது. அடியொலி மேலெழுந்து வளைகிறது. இதற்குத் தபலாக்காரர்கள் சொல்லும் பெயர் ‘கிஸ்ஸா’. தேய்த்தல் என்னும் பொருளுள்ள ‘கிஸ்னா’ என்ற இந்தி வினையோடு சேர்ந்த சொல் இது. சந்தனம் இழைப்பதற்கும் இந்தியில் இதே வினைதான். கித்தாரின் உருளையும் பாயாமின் மணிக்கட்டும் செய்வது ஒரே வேலை என்பதால், இரண்டையும் ‘இழைப்பு’ என்ற ஒரே சொல்லால் குறிக்க முடிகிறது. தபலா இல்லாத தொடக்கப் பகுதிகளான ஆலாப், ஜோட், ஜாலா முடிந்து, தாளத்தோடு வரும் ‘கத்’ தொடங்கித் தபலா சேரும் இடத்தில் இதைக் காதால் உணரலாம். தீன் தாள் என்னும் தாளத்தின் 16 மாத்திரைகளில், ‘டேக்கா’ எனப்படும் வழக்கமான அடி வரிசையில் பத்தாவது முதல் பதின்மூன்றாவது வரை பாயாமின் கார்வை அடங்கிவிடும். அந்த வெற்றிடத்தில் கித்தாரின் மீண்ட் தனித்துத் தெரியும். பதினான்காவது மாத்திரையில் பாயாம் மீண்டும் முழங்கும்போது இரண்டு இழைப்புகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, தாளச் சுற்றின் முதல் அடியான ‘ஸம்’மை நோக்கிப் போகும்.

இனிக் கருவியின் பெயர். இந்தியாவிலும் உருளையால் வாசிக்கும் வீணைகள் உண்டு. வடக்கில் கண்ணாடி முட்டை போன்ற ‘பட்டா’வால் வாசிக்கும் விசித்திர வீணை, தெற்கில் கோட்டுவாத்தியம். திருவிடைமருதூர் சகாராம ராவ் புகழ்பெறச் செய்த கோட்டுவாத்தியத்தைப் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் மன்னார்குடி சாவித்திரி அம்மாளும் மேடையேற்றினார்கள். சித்ரவீணை என்ற பெயரில் ரவிகிரண் வாசிப்பதும் அதே 21 தந்திக் கருவிதான். ‘கோடு’ என்பதற்குக் கொம்பு, தந்தம், மரக்கிளை என்ற பொருள்கள் பழந்தமிழில் உண்டு. கொம்பாலும் கருங்காலியாலும் செய்த உருளையால் வாசித்ததால் ‘கோட்டு’ என்ற அடை வந்தது என்று கொள்வது சொல்லமைதிக்கும் வழக்குக்கும் இயைகிறது. வீடு, வீட்டு என்றாவதுபோல் கோடு, கோட்டு என்றாகிறது. ஹவாய்க்காரர்கள் கையிலிருந்த எஃகின் பெயரால் கருவியை அழைத்த அதே முறையில், தெற்கத்தியர் கையிலிருந்த கோட்டின் பெயரால் அழைத்தார்கள். ஆகவே ‘கோட்டுக் கித்தார்’ என்பது புதிதாகச் செதுக்க வேண்டிய சொல்லன்று. இருந்த சொல்லை அதே வகைக் கருவிக்கு நீட்டுவது.

ஓர் எல்லையைக் குறித்தாக வேண்டும். அமெரிக்க ப்ளூஸ் இசையில் கித்தாரை நிமிர்த்திப் பிடித்து, கண்ணாடிக் குப்பியின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு வாசிப்பதும் ஆங்கிலத்தில் ‘ஸ்லைடு’தான். அங்கே கோடு இல்லை. அதை ‘இழைப்புக் கித்தார்’ என்ற பொதுப்பெயருக்குள் வைத்துக்கொள்வதே முறை. 1993இல் வெளிவந்து 1994இல் கிராமி விருது பெற்ற ‘எ மீட்டிங் பை த ரிவர்’ தொகுப்பில் இரண்டும் அருகருகே கேட்கின்றன: ரை கூடர் குப்பிக் கழுத்து வழியிலும், விஸ்வ மோகன் பட் மடியில் கிடத்திய வழியிலும் இழைக்க, சுக்விந்தர் சிங் நாம்தாரியின் தபலாவும் ஜோவாகிம் கூடரின் தும்பெக் என்னும் கைமுரசும் தாளம் தருகின்றன.

தனிக் கலைஞர்கள் தம் கருவிக்குச் சூட்டிய பெயர்களை மாற்றக் கூடாது. தேபாஷிஷ் பட்டாச்சார்யாவின் கித்தாரான சதுரங்கி சதுரங்கியாகவே இருக்க வேண்டும். ஆனால் ‘மோகன வீணை’ என்று எழுதும்போது மட்டும் யாருடையது என்பதையும் சேர்த்து எழுதுவது அவசியம். விஸ்வ மோகன் பட்டின் கித்தாருக்கு அப்பெயர் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1940களில், ராதிகா மோகன் மொய்த்ரா சரோதை மாற்றி உருவாக்கிய வேறொரு கருவிக்கும் அதுவே பெயர். அதில் கோடும் இல்லை, கித்தாரும் இல்லை.